வீட்டுக்குள் ஓடும் கேபிளுக்கும் மின்னெழுச்சிச் சோதனை வேண்டும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இணைய இணைப்புக் கொடுத்து, பழுதும் பார்க்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: ரவுட்டர், ஓஎன்டி (கண்ணாடி இழை வந்து முடியும் பெட்டி), ஸ்விட்ச் ஆகியவற்றில் லேன் கேபிள் செருகும் போர்ட்டுகளுக்கு, 'கட்டடத்துக்குள் மட்டும்' என்று சொல்லி மின்னெழுச்சி (சர்ஜ்) சோதனையில் விலக்கு தரக் கூடாது.

விலக்குக்கு இடம் தருவது சிஸ்பர் 35 என்ற சர்வதேசத் தரம். கட்டடத்துக்கு வெளியே போகும் கேபிளோடு நேரடியாக இணையக்கூடிய போர்ட்டுகளுக்கு மட்டுமே அது இந்தச் சோதனையைக் கேட்கிறது. அப்படி இணையுமா என்பதை உற்பத்தியாளரின் குறிப்பே முடிவு செய்கிறது. எங்கள் ஊர் வீடுகளுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. முன்வீட்டில் ஓஎன்டி இருக்கும். பின்னால் தம்பி வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக் கேமராவுக்கும் மொட்டை மாடி வழியாக லேன் கேபிள் போகும். இரண்டு வீட்டுக்கும் மின் இணைப்பு தனி, எர்த்தும் தனி.

இடி கேபிளின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்துப் பனைமரத்தில் இறங்கினாலும் மின்னோட்டம் மண்ணில் பரவி, இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். அந்த வேறுபாட்டால் மின்னோட்டம் பாய்வதற்குக் கிடைக்கும் வழி லேன் கேபிள்தான். வேப்பந்தட்டைப் பக்கம் பாறை நிலத்தில் எர்த் குழி சித்திரையில் காய்ந்து கிடப்பதால் இந்த வேறுபாடு கூடும். கோடை இடி வருவதும் அப்போதுதான். கொள்ளிடக் கரையான திருமானூரில் வண்டலின் ஈரம் ஓரளவு கைகொடுக்கிறது.

கண்ணாடி இழை வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கிறார்கள். உலோகம் இல்லாத இழை மின்னெழுச்சியைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் ஓஎன்டியைத் தாண்டியதும் செம்புக் கம்பி தொடங்கிவிடுகிறது. ஈத்தர்நெட் தரம் போர்ட்டுக்கு 1,500 வோல்ட் தாங்கும் மின்காப்பைக் கேட்கிறதே என்றும் சொல்வார்கள். காப்பு தாங்குவது ஒன்று. கம்பியில் மின்னெழுச்சியைச் செலுத்தியபின் கருவி முழுதாகப் பிழைத்து வேலை செய்வது வேறொன்று. வாங்குபவருக்கு வேண்டியது இரண்டாவது.

தெருக்கம்பத்து டெலிபோன் லைனுக்கான 10/700 மைக்ரோவினாடி அலையை நாங்கள் கேட்கவில்லை. அது சிறிய ரவுட்டரின் விலையை ஏற்றிவிடும். ஐஈசி 61000-4-5 தரத்தில் உள்ள 1.2/50, 8/20 மைக்ரோவினாடிக் கூட்டலையை, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 கிலோவோல்ட் அளவில் செலுத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இந்தியத் தந்தி விதிகளின் 2017 திருத்தத்தின் வழியே வந்த கட்டாயச் சோதனைச் சான்றளிப்பில், கேபிள் உள்ளா வெளியா என்று பாராமல் இதைச் சேர்க்கும்படி தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தைக் கேட்டுக்கொள்கிறோம். வேறு கட்டடத்துக்கு லேன் கேபிள் இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பெட்டியின் மேல் தமிழில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத் தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம். வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுத்தவர்கள் நாங்களும்தான். இனி இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, பத்தடி தூரமானாலும், உலோகம் இல்லாத இழையை மட்டுமே எங்கள் உறுப்பினர்கள் போடுவார்கள்.