எமது ஊர் மரவட்டைக்கு லண்டனில் பெயர் இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மழை தொடங்கினால் லயத்துச் சுவரிலும் பாடசாலை வராந்தாவிலும் மரவட்டை ஏறும். விளக்குமாற்றால் தள்ளுவோம், உப்புப் போடுவோம், சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அந்த மரவட்டையோடு சேர்ந்து எமது ஊரின் பெயரும் 130 வருடங்களுக்கு மேலாக உலக விஞ்ஞான நூல்களில் இருக்கிறது என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் என்றொரு வெள்ளைக்காரத் துரை பூண்டுலோயாவில் தேயிலை பயிரிட்டவர். தேயிலையைக் கெடுக்கும் பூச்சிகளை ஆராய்ந்து, பிறகு இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளராகவே ஆனவர். செதில் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது.

அவர் இங்கே சேகரித்த மரவட்டைகளையும் மட்டத்தேள்களையும் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த ரெஜினோல்ட் போகாக் அவற்றை ஆராய்ந்து, 1892 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். அதுவரை விஞ்ஞானம் அறியாத இனங்கள் பலவற்றுக்கு அந்தக் கட்டுரையில் பெயர் கிடைத்தது.

அவற்றில் ஒன்று பைர்கோடெஸ்மஸ். கிரேக்க மொழியில் 'பைர்கோஸ்' என்றால் கோபுரம். மிகச் சிறிய உயிர். முதுகில் கோபுரம் போல மேடுகள். உடம்பில் மண் ஒட்டியிருப்பதால் பக்கத்தில் கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. அதன் பெயரை வைத்தே பிற்காலத்தில் ஒரு முழுக் குடும்பத்துக்கும் பைர்கோடெஸ்மிடே என்று பெயரிட்டார்கள். இன்று பல கண்டங்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் அந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. அத்தனைக்கும் பெயர் தந்த பிராணி இலங்கை மண்ணிலிருந்து போனது.

இது பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். அங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

ஒரு மரவட்டையைப் 'புதிய இனம்' என்று சொல்ல, நிறமும் நீளமும் போதாது. பெரும்பாலான வகைகளில் ஆணின் ஏழாவது வளையத்தில் நடக்கும் கால்களுக்குப் பதிலாக இனப்பெருக்க உறுப்பாக மாறிய கால்கள் இருக்கும். பூட்டுக்குச் சாவி போல, இனத்துக்கு இனம் அதன் வடிவம் வேறு. அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து, வரைந்து, ஏற்கனவே பெயர் பெற்ற நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்ட பிறகே புதியது என்று எழுதுவார்கள். ஆதாரமாக ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். அது கிடைத்த இடத்தையும் எழுதுவார்கள். அந்த இடத்துக்கு 'மூல இடம்' என்று மதிப்பு.

அந்தக் காலத்து விவரிப்புகள் பல சில வரிகள்தான். படம் குறைவு. ஒரே ஒரு பெண் பிராணியை வைத்து எழுதியவையும் உண்டு. ஆகவே நாளை ஹோர்டன் சமவெளியின் குளிர்ந்த மழைக்காட்டிலோ சிவனொளிபாதமலைச் சரிவிலோ ஒரு மரவட்டை கிடைத்தால், அது புதியதா, 1892 இல் பெயர் வைத்த அதே இனமா என்று தீர்மானிக்க, பழையது கிடைத்த மூல இடத்துக்கே திரும்பி வந்து ஆண் ஒன்றைத் தேட வேண்டிவரும். அப்படி வருபவருக்கு எமது ஊரில் தேட ஓர் ஓடைக்கரைக் காடாவது மிஞ்சியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மட்டும் லண்டனில் இருக்கும், பெயருக்குரிய உயிர் எங்குமே இருக்காது.

இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட மரவட்டை இனங்கள் பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. இவை பறக்காது, வேகமாக ஓடாது. ஒரு மலைக்காட்டை வெட்டினால் அடுத்த மலைக்குப் போய்ப் பிழைக்கவும் முடியாது. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியாயிற்று. மிச்சம் இருப்பது மலை உச்சியிலும் ஓடை ஓரத்திலும் துண்டு துண்டாகத்தான்.

"லயத்துக் கூரை ஒழுகுகிறது, நாட்சம்பளம் போதவில்லை, ஏழு பேர்ச் காணிக்குக் காத்திருக்கிறோம், இதற்கிடையில் மரவட்டையா சேர்?" என்று ஒரு பெற்றார் கேட்டால் அது நியாயமான கேள்வி. எமது பதில் இதுதான்: மரவட்டை பிழைக்கும் ஓடைக்கரையிலிருந்துதான் எமது பீலித் தண்ணீரும் வருகிறது. அங்கே களைகொல்லி அடித்தால் அதே தண்ணீரைக் குடிப்பது எமது பிள்ளைகள். உக்கிய இலையைத் தின்று மண்ணாக்குவதும் இதே பிராணிதான். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது ஓடைக்கரை மரங்களின் வேர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1892 கட்டுரையின் தலைப்பிலேயே கிரீன் துரையின் பெயர் உண்டு. இந்த மலைகளில் காடு வெட்டி, கல் புரட்டி, தேயிலை நட்ட தொழிலாளர் எவருடைய பெயரும் அப்படி எந்தத் தலைப்பிலும் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் விலங்கியல் படித்து, எமது ஓடையில் கிடைத்த ஓர் உயிரைத் தன் பெயரில் விவரித்து எழுதும் நாள் வர வேண்டாமா? கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு அது எட்டாத வேலை என்று நாம் நினைக்கவில்லை.

எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரில் குர்ஆனில் அத்தியாயங்கள் உண்டு. எந்த மதத்தவரானாலும், சிறிய உயிரை அற்பமாக எண்ணாதே என்றுதான் வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள்.

ஆகவே எமது வேண்டுகோள்:

1. உப்பும் மண்ணெண்ணெயும் வேண்டாம். ஒரு தாளில் ஏந்தி வெளியே விடுங்கள். வெறுங்கையால் தொட்டால் சில வகைகள் கறையும் எரிச்சலும் தரும் நீரைக் கசியவிடும். கையைக் கழுவுங்கள், கண்ணில் தேய்க்க வேண்டாம்.

2. பிள்ளைகள் போனில் படம் எடுக்கட்டும். இடம், திகதியோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். பிடித்துப் போத்தலில் அடைக்க வேண்டாம். ஆய்வுக்கு மாதிரி சேகரிக்க வேண்டுமானால் உரிய திணைக்களங்களின் அனுமதி பெற வேண்டும்.

3. தோட்ட நிர்வாகங்களுக்கும் தலைவர்மாருக்கும்: ஓடையின் இரு கரையிலும் மரங்களை விட்டு வையுங்கள். அந்த ஓரத்தில் களைகொல்லி அடிக்க வேண்டாம்.

4. ஆசிரிய நண்பர்களுக்கு: கணுக்காலி பாடத்தன்று பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். ஒரு வளையத்துக்கு இரண்டு சோடிக் கால் என்றால் மரவட்டை, ஒரு சோடி என்றால் மட்டத்தேள். அவர்களே எண்ணிச் சொல்லட்டும். கூடவே 1892 இன் கதையையும் சொல்லுங்கள்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்த மரவட்டையின் படத்தைக் கீழே போடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றும் எழுதுங்கள். படங்கள் சேர்ந்தால் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிப்பவர்களுக்கு அனுப்பி வைப்போம்.