கைராசி இல்லாதவர்களுக்கு

"எனக்குக் கைராசி கிடையாது" என்று சொல்லும் நண்பர் ஒருவராவது நம் எல்லோருக்கும் இருக்கிறார். ஆசையாக இரண்டு தொட்டி வாங்கி வைத்திருப்பார். மாதம் திரும்புவதற்குள் இரண்டும் அழுகியோ கருகியோ போயிருக்கும். செத்தது செடி, பழி கைமேல். அதன்பின் அவர் வீட்டில் பிளாஸ்டிக் பூக்கள்தாம்.

என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். கும்பகோணத்துக்கு அருகே கொல்லையும் கிணறும் உள்ள வீட்டில் நாற்பது வருடம் கனகாம்பரமும் செம்பருத்தியும் மல்லிகைப் பந்தலுமாக வாழ்ந்தவர். சென்னையில் எங்கள் மூன்றாவது மாடிக் குடியிருப்புக்கு வந்தபோது ஒரு மல்லிகைப் பதியனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல். சித்திரையிலிருந்து ஆடி வரை கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும், அதோடு சரி. மல்லிகை முதலில் மொட்டு விடுவதை நிறுத்தியது. பிறகு கொடி வெளிறி, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, ஜன்னலை நோக்கி நீண்டது. கடைசியில் மாவுப்பூச்சி வந்து முடித்துவைத்தது. "இனிமே என் கைக்குச் செடி வராதுடா" என்றார். செடி போனதைவிட அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. எழுபது வயதில் ஒருவர் தன் கையைச் சந்தேகிக்கத் தொடங்குவது சின்ன விஷயமல்ல.

கைராசி என்று ஒன்று இல்லை என்பதே என் கட்சி. வெளிச்சம் உண்டு, தண்ணீர் உண்டு, இவ்விரண்டிலும் நாம் ஏமாறும் விதங்கள் உண்டு.

வெளிச்சத்தில் நம்மை ஏமாற்றுவது நம் கண்தான். உச்சிவெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து ஆறேழு அடி தள்ளி, 'நல்ல வெளிச்சமான இடம்' என்று நாம் நினைக்கும் மூலையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண்மணி விரிந்து சரிசெய்துகொள்கிறது. இலைக்கு அந்த வசதி இல்லை. அரைநாள் வெயிலாவது கேட்கும் மல்லிகையை அங்கே வைப்பது பட்டினி போடுவதற்குச் சமம். சொல்லப்போனால் 'வீட்டுக்குள் வளரும் செடி' என்று ஓர் இனமே இயற்கையில் கிடையாது. அந்தப் பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் வெப்பமண்டலக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் வாழப் பழகியவை. நம் கூடத்தின் அரையிருட்டை அவை பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவே.

தண்ணீர் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது நம் அன்பு. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களின் இடுக்கெல்லாம் நீர் நின்றுவிட்டால் வேர் மூச்சடைத்து அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலை துவண்டு மஞ்சளாகிறது. நாமோ, "ஐயோ, வாடுகிறதே" என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். வீட்டுச்செடிகளில் தாகத்தால் செத்தவற்றைவிட இப்படி மூழ்கிச் செத்தவையே அதிகம் என்பது என் அனுபவம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டிகளை விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. (வடிதட்டில் தேங்கும் நீரை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த ஒரு வாய் நீர் போதும்.) குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதில் உப்புதான் திரண்டிருக்கிறது. இலை நுனி கருகும்.

ஆகவே முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது, மெதுவாகச் சாகும் செடியாகப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான். தவறைத் திருத்திக்கொள்ள அது அவகாசம் தரும். பாம்புச்செடி என்று நர்சரிகளில் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் புதர்க்காடுகளில் நார் எடுக்கப் பயன்பட்ட மருளுக்கு நெருங்கிய உறவு. தண்ணீரை மறந்து மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் அப்படியே நிற்கும். இது இரவில் பிராணவாயு விடும், படுக்கையறையில் வையுங்கள் என்று ஒரு பிரசாரம் உண்டு. இரவில் அது இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமிக்கிறது என்பது உண்மை. பிராணவாயு உண்டாக ஒளி வேண்டும்; அது பகல் வேலை.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற பேச்சும் இதே ரகம். 1989 இல் நாசாவுக்காக நடந்த சோதனை, மூடிய சிறு கூண்டுகளுக்குள் செய்யப்பட்டது. 2019 இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் இருவர் இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடுகட்ட, தரையில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்துவிடுவது எளிது. காற்றுக்காகவும் காசுக்காகவும் செடி வாங்குபவர், அவை கிடைக்காதபோது செடியைக் கைவிடுகிறார் என்பதே என் வருத்தம்.

பூதான் வேண்டும் என்பவர்களிடம் என்ன சொல்வது? ஜன்னலை ஒட்டி நல்ல வெளிச்சம் இருந்தால் பீஸ் லில்லி வைக்கலாம். நாம் வெள்ளைப் பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு மடல். பூக்கள் உள்ளே இருக்கும் காம்பில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. தாகம் எடுத்தால் இந்தச் செடி நாடகபாணியில் சரிந்து விழும். ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் இதையும் மணிபிளாண்டையும் தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்; கடித்தால் வாயெல்லாம் ஊசி குத்தியதுபோல் எரியும்.

அம்மாவுக்கு நான் கொடுத்தது மணிபிளாண்ட்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கணுவைக் கிள்ளிவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது மட்டுமே வேலை. பசிபிக்கில் மூரியா என்ற சின்னத் தீவிலிருந்து புறப்பட்ட கொடி இது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964 இல். பூப்பதற்கான ஹார்மோனைச் சுரக்கும் திறன் இதில் பழுதுபட்டிருக்கிறது என்று 2016 இல் கண்டுபிடித்தார்கள். விதையில்லை, கை மாறிக் கை மாறித்தான் உலகமெல்லாம் பரவியிருக்கிறது. "பூக்காத கொடியை என்னடா பண்றது" என்று அம்மா அதைப் பல நாள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாம் நாளோ என்னவோ, வெள்ளையாக ஒரு வேர் விட்டிருந்ததை அவர்தான் முதலில் பார்த்தார்.

இப்போது அது ஜன்னல் கம்பி முழுக்க ஓடுகிறது. எதிர்வீட்டுப் பெண் ஒரு துண்டு கேட்டு வந்தாள். அம்மா கொடுக்க மறுத்துவிட்டார்.

"கேட்டு வாங்கினா வளராதும்மா. நான் உள்ளே போறேன், நீ திருடிக்கோ."