யோசனைக்கு மருந்து எது?

உடல் நோயுற்றால் ஊரார் அறிவர். மனம் நோயுற்றால் வீட்டாரும் அறியார். காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றோம். உறக்கமும் உணவும் வெறுத்து மூலையில் இருப்பவரையோ, "அவருக்கு யோசனை கூடிப்போயிற்று" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகின்றோம். அச்சொல்லையே நோயின் பெயராகக் கொண்டு அதற்கு மருந்தும் கண்ட ஒரு நாட்டைப் பற்றியும், கொள்ளைநோய்க் காலத்தில் அம்மருந்துக்கு வந்த சோதனையைப் பற்றியும் இவ்வாரம் எழுதக் கருதினோம்.

ஆபிரிக்காவின் தென்பகுதியில் உள்ளது சிம்பாப்வே. அங்கு வழங்கும் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மிஞ்சிச் சிந்தித்தல் என்பது அதன் பொருள். நம்மவர் 'யோசனை' என்பதும் இதுவேயன்றோ? உளநோய் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அந்நாட்டிலே, அவருள் ஒருவராகிய டிக்சன் சிபண்டா என்பவர், 2006 ஆம் ஆண்டில் தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்னும் வறியோர் வாழும் பகுதியில் 14 ஆச்சிமாரைப் பயிற்றுவித்தார். சிகிச்சை நிலையத்தினுள்ளே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே வெளியே ஒரு மரவாங்கு இடப்பட்டது. அம்முயற்சி 'நட்பு வாங்கு' என்று பெயர் பெற்றது.

அவ்வாங்கில் நடைபெறுவது மந்திரமன்று. ஆச்சி முதலிற் கேட்கின்றாள். வந்தவர் தம் துன்பங்களையெல்லாம் சொல்லி முடித்தபின், அவற்றுள் முதலில் தீர்க்கத்தக்கது எது என்று வினவுகின்றாள். தெரிந்தெடுத்த அவ்வொன்றிற்கு வந்தவர் தாமே வழிகாணத் துணைநிற்கின்றாள். இவ்வாறு ஆறு சந்திப்புகள் வரை நிகழும். இது வெறும் ஆறுதலா, அன்றி வைத்தியமா என்று ஐயுறுவோர்க்கு 2016 ஆம் ஆண்டில் விடை வெளிவந்தது. 24 சிகிச்சை நிலையங்களைச் சேர்ந்த 573 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதங்களின் பின்னர், மற்றைய கவனிப்பைப் பெற்றோருள் நூற்றுக்கு 50 பேரளவில் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. வாங்கிலிருந்து பேசியோருள் நூற்றுக்கு 14 பேரளவிலேயே அக்குறிகள் எஞ்சியிருந்தன.

இந்நிலையில் 2020 ஆம் ஆண்டு பிறந்தது. மார்ச் மாத இறுதியில் சிம்பாப்வே மக்கள் வீட்டினுள் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். கொவிட் நோயோ முதியோரையே கடுமையாகத் தாக்குவது. அருகிருத்தலே மருந்தாயிருந்த இடத்தில் அருகிருத்தலே ஆபத்தாயிற்று. அப்போது வாங்கின் பணி தொலைபேசிக்கும் வட்ஸ்அப்புக்கும் மாறியது. கேட்பவரும் சொல்பவரும் வெவ்வேறு வீடுகளில் இருந்தவாறே உரையாடினர்.

இம்மாற்றம் அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் 130 நாடுகளில் விசாரித்தபோது, நூற்றுக்கு 93 வீதமான நாடுகளில் உளநலச் சேவைகளுள் ஏதேனும் ஒன்றாவது தடைப்பட்டமை தெரியவந்தது. நூற்றுக்கு 70 வீதமான நாடுகள் தொலைபேசி, இணையம் முதலியவற்றின் வழியே குறையை நிரப்ப முயன்றன. அதேவேளை துன்பமோ பெருகியது: கொள்ளைநோயின் முதலாண்டில் பதகளிப்பும் மனச்சோர்வும் உலகெங்கும் நூற்றுக்கு 25 வீதம் கூடின என்று அந்த ஸ்தாபனமே 2022 இல் அறிவித்தது.

எனினும் தொலைபேசியைக் கையிற் கொடுத்துவிட்டால் வாங்கு கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். ஓரறை வீட்டிலே மாமியார் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமும் இருக்க, ஒரு பெண் தன் மனத்துயரை எவ்வாறு வாய்விட்டுச் சொல்வாள்? கண்ணீரைத் தொலைபேசி காட்டாது. தொலைபேசியே இல்லாத வீடுகளும் உண்டு. ஆதலால், "இப்போது தனியாக இருக்கின்றீர்களா, பேச வசதியான வேளை எது?" என்பதே கேட்பவரின் முதல் வினாவாக இருத்தல் வேண்டும். அழைப்பின் செலவு துன்புறுபவரைச் சாராதிருத்தல் வேண்டும். தொலைபேசி எட்டாத வீட்டிற்கு வேறொரு கை எட்டுதல் வேண்டும்.

அத்தகைய கையை நம் நாட்டிலும் கண்டோம். 2020 மார்ச் 20 ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறந்தபின், மாதாந்தம் கிளினிக்குக்குச் சென்று மருந்தெடுப்போர் திகைத்து நின்றனர். நெடுநாள் மனநோய்க்கு மருந்து உட்கொள்பவருக்கு அம்மருந்து தடைப்படுமாயின், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். அவ்வேளையில் அரச வைத்தியசாலைகளின் மருந்துப் பொதிகளைத் தபாற் பகுதியினர் வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். பேசுதற்கு ஆளின்றித் தவித்தோர்க்கு, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருந்தது, இன்றும் இருக்கின்றது. வாசகர் இதனைக் குறித்துவைத்தல் நலம்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. ஊரடங்கு நாளிலே புதிதாக ஒரு தபாற் சேவையை உண்டாக்க இயலாது. முன்னரே இருந்தமையாலன்றோ அது புதிய வேலைக்கு உதவிற்று? அவ்வாறே கேட்கத் தெரிந்த செவிகளையும் ஒரே நாளிற் படைத்துவிட முடியாது. சிம்பாப்வேயின் ஆச்சிமார் 14 ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியிருந்தனர். எனவேதான் வாங்கு போனபோதும் பணி போகவில்லை. கொள்ளைநோயைச் சமாளிக்கும் ஆற்றல் அது வருமுன்னரே ஈட்டப்படுவது.

2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், நெடும்போரின் போதும் அதன் பின்னரும், நம் ஊர்களில் உளவளத்துணையாளர் பலர் பயிற்றப்பட்டனர். அவர்களே நம் வாங்குகள். துயரம் ஆறியது போலத் தோன்றும் காலத்தில் அவர்களுக்குரிய வேலையையும் வேதனத்தையும் சுருக்கிவிட்டால், அடுத்த இடர் வரும்போது யாரை அழைப்போம்?

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். வகுப்பிலே உங்கள் பக்கத்தில் இருப்பவன் சில நாட்களாகப் பேச்சற்றிருந்தால், "யோசியாதே" என்று புத்தி சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். "என்ன யோசனை?" என்று கேளுங்கள், விடை வரும்வரை அருகிருங்கள். உங்கள் ஆற்றலுக்கு மேற்பட்டதாயின், அவனைத் தனியே அனுப்பாது, ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ கூடச் செல்லுங்கள்.