புழக்கடைப் பாடசாலை

வீட்டுத் தோட்டத்தின் ஆனந்தத்தைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அது புகட்டும் பாடத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றோடு நீளும் தோல் பதனிடும் சீமையிலே பாத்தி கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடம் முதல் போகத்திலேயே கிடைத்துவிடுகிறது.

விதை முளைக்கிறது, நமக்கும் குதூகலம் பிறக்கிறது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், அவரை இலையின் ஓரமெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகிக் கிடக்கிறது. மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. வீட்டு அம்மாள் விதையைக் குறை கூறுகிறாள். ஐயா வெயிலைக் குறை கூறுகிறார். குற்றமோ கிணற்று ஜலத்தில் இருக்கிறது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவுகிறார்கள். பதனிடுவதற்குக் குரோமிய உப்புக்களையும் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் நெடுங்காலம் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டு ஊற்றுக்களில் இறங்கிவிட்டது. இந்தச் சீமையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று விவசாயப் பல்கலைக் கழகத்தின் வேலூர் நிலையம் கணக்கிட்டதை, 1996 ஆகஸ்ட் 28ந் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. வேலூர்ப் பிரஜைகளின் நலச் சங்கம் தொடுத்த வழக்கு அது. அசுத்தம் செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற தர்மம் அதிலே நிலைநாட்டப்பட்டது. ஆயினும் 2025 ஜனவரி 30ந் தேதி அதே நீதிமன்றம் பாலாற்றைச் சீர்திருத்தும்படி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலை நாம் தூஷிக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனாலேயே எரிகிறது. ஆனால் அந்த அடுப்பின்மேல் ஏறும் குழம்புக்குக் காய் வேண்டாமா?

ஆகையால் தோட்டம் போட விரும்புகிறவர்கள் முதலில் கிணற்று ஜலத்தையும் மண்ணையும் பரீட்சை செய்துகொள்ள வேண்டும். உப்பை நாக்கு சொல்லிவிடும். குரோமியத்தை நாக்கு அறியாது. ஜலம் சரியில்லையென்றால் மனம் தளர வேண்டாம். நல்ல இடத்துச் செம்மண்ணுடன் மக்கிய சாணத்தைக் கலந்து, அடியில் துவாரமுள்ள தொட்டிகளில் இட்டு, மழை நீரை ஊற்றி வளர்க்கலாம். 100 சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 236 லிட்டர் கிடைக்கும். செடி ஒன்றுக்கு நாளைக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்துச் செடிகளுக்குப் பதினொரு நாள் போதும். அவரையினமும் வெங்காயமும் உப்பைச் சகிப்பதில்லை. பீட்ரூட் ஓரளவு சகிக்கும்.

எதை நடுவது என்ற கவலை இந்த ஜில்லாவாசிகளுக்கு வேண்டாம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாகக் கத்தரிக்காயைத் தேர்ந்த ஊராருக்கு அதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பறிக்கும்போது விரலில் முள் தைக்கும். சமையலறைக்குள் நுழைவதற்குள் அது மறந்துபோகும். ஒரு காயை மட்டும் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையெடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். அடுத்த வருஷம் அண்டை வீட்டுக்கும் அது ஆகும்.

அரிசிக்கு ரேஷன் வந்த 1940களில், பஞ்சத்தைப் போக்கக் கொல்லையைக் கொத்துங்கள் என்று தேசம் கேட்டுக்கொண்டது. இன்று நாம் கேட்டுக்கொள்வது வேறு காரணத்துக்காக. ஒரு செடியையாவது கையால் வளர்த்தவன் காலடியில் ஓடும் ஜலத்தைப் பற்றி அலட்சியமாக இருக்கமாட்டான். கருகிய இலை அவனைக் கேள்வி கேட்கும். அவன் ஊர்ச் சபையையும் சர்க்காரையும் கேட்பான். சுயராஜ்யம் என்பது சட்டசபையில் மாத்திரம் இல்லை. வீட்டுக் கிணற்று ஜலம் எப்படிக் கெட்டது என்று கேட்கும் துணிவும் சுயராஜ்யந்தான். அந்தத் துணிவைக் கற்பிக்க ஒரு கத்தரிச் செடியும் ஒரு தொட்டி மண்ணும் போதும்.