சூரியனுக்கு விளக்கு எதற்கு?

தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று சொல்லி, வீட்டில் குத்துவிளக்கேற்றிப் பூஜை செய்யும்படி புரோகிதர் விதிக்கிறார். உண்மையில் அது மார்கழி 6-ந் தேதி வாக்கில், அதாவது டிசம்பர் 21, 22-லேயே திரும்பிவிடுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளாயிருந்தன; வானம் நகர்ந்தும் பஞ்சாங்கம் நகரவில்லை. ஐரோப்பாவிலும் அந்நாளில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சூரியனை அழைப்போர் உண்டு. ஏற்றாவிட்டால் அது திரும்பாதா என்று கேட்கிறோம்.

மாகறல் தோழர்களே! முற்றத்தில் 4 அடிக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, உச்சிவேளை நிழலை அளந்து பாருங்கள். டிசம்பர் 21-ல் சுமார் 35 அங்குலமிருக்கும். தை முதல் நாளில் 2 அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கும். பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். இருட்டினால் விளக்கேற்றுங்கள், அதன் வெளிச்சத்தில் அவர்கள் அக்கணக்கை எழுதட்டும். இதற்குப் புரோகிதரும் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.