நிராகரிப்பு ரெண்டு வகை

படிச்சு முடிச்சு வேலை தேடுற மாற்றுத்திறனாளிகள்கிட்ட நாம சொல்ற ஒரே அறிவுரை "மனசைத் தளர விடாதே". எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. நிராகரிப்புல ரெண்டு வகை இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாம வர்றது ஒண்ணு. அது எல்லாருக்கும் வர்றதுதான், திரும்பப் போய் படிக்கணும். இன்னொண்ணு, பதிலெல்லாம் சரியா இருந்தும் ஊன்றுகோலைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்பது. இதுல நீங்க திருத்திக்க ஒண்ணுமே இல்ல.

இரா சிங்கால் 2010 சிவில் சர்வீஸ் தேர்வுல தேறினார். தள்ள, இழுக்க, தூக்க முடியாதுன்னு சொல்லி இந்திய வருவாய்ப் பணி வேலையை மறுத்தாங்க. வரி வசூலிக்க எதைத் தூக்கணும்? தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயிச்சார். 2014 தேர்வுல இந்தியாவிலேயே முதலிடம்.

2016 உரிமைச் சட்டத்துல இருக்கிற 4 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான். ஆனா சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடணும்னு சொல்ற 21ஆம் பிரிவு தனியார் கம்பெனிக்கும் உண்டு. விண்ணப்பிக்கிறவங்க அதைக் கேட்கலாம். ஆன்லைன் தேர்வு ஸ்க்ரீன் ரீடர்ல வேலை செய்யுமான்னும் முன்கூட்டியே கேட்கலாம்.

ஆனா கேட்கிற பொறுப்பை அவங்க தலையிலேயே கட்டுறது நியாயமா? உள்ளே உட்கார்ந்திருக்கிறது நாம. தைரியம் சொல்றதுக்கு முன்னாடி, உங்க ஆபீஸ்ல அந்தக் கொள்கை இருக்கான்னு நாளைக்கே ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க மக்கா. நானும் கேட்கிறேன்.