ஒரு பகலில் உருவாகும் ஆசிரியைகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறை முடிவதற்குச் சற்று முந்தைய ஒரு சனிக்கிழமை. எங்கள் பங்குப் பள்ளியின் மழலையர் பிரிவு ஆசிரியைகள் பதினான்கு பேரையும் பங்கு மண்டபத்தில் உட்கார வைத்து, 'மாண்டிசோரி ஆசிரியர் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு' என்ற ஒன்றை நடத்தினோம். தாளாளர் என்ற முறையில் நான்தான் அதை நடத்த வைத்தேன், பழியும் என்னுடையதே. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடிந்தது. இடையில் தேநீர், பிரியாணி. திரையில் படங்கள் ஓடின. மண்டபத்தின் பின்புறம் ஒரு மேசையில் நெகிழியாலான கற்பித்தல் பொருள்கள் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருந்தன. முடிவில் பதினான்கு பேருக்கும் பொன்னிற விளிம்பிட்ட சான்றிதழ். அடுத்த வாரமே பள்ளி வாயிலில் 'மாண்டிசோரி முறைக் கல்வி' என்ற புதிய பெயர்ப்பலகை ஏறிற்று. சேர்க்கையும் கூடிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று மாலை நிகழ்ந்த ஒன்றை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. பாய் நெசவுக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: "கோபுரத்தைக் கட்டி முடித்த பிள்ளை, அதை மறுபடி கலைச்சுட்டு மறுபடி கட்டிக்கிட்டே இருக்கு. மத்தப் பிள்ளைங்க எல்லாம் அடுத்த வேலைக்குப் போயாச்சு. அதைத் தடுக்கணுமா, விட்டுடணுமா?" பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையேட்டில் எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றியுரைக்கு என்னை அழைத்தார்கள், நானும் உரைத்தேன்.

மாண்டிசோரி கல்வி முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். 1907 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ஞானிகள் குழந்தையைத் தேடி வந்த திருக்காட்சிப் பெருவிழாவன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்துகொண்டிருந்தாள். அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. மருத்துவம் பயின்ற அந்த அம்மையார் குறுக்கிடாமல் எண்ணிக்கொண்டு நின்றார். அந்த நிற்றலிலிருந்து பிறந்ததே அவருடைய முறை. எங்கள் ஆசிரியையும் அதையே கண்டிருந்தார். கண்டதற்குப் பெயர் தெரியாமல் கேட்டார். ஏழு மணி நேரப் பயிலரங்கில் அவருக்கு விடை சொல்ல ஒரு நிமிடம் இல்லை!

இந்த முறை நமக்கு எங்கோ தொலைவிலிருந்து வந்த சரக்கன்று. 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கே வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். (சபையின் பெயரைக் கேட்டதும் நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அம்மையார் கத்தோலிக்கர், திருப்பலியைக் குழந்தைகளுக்கு விளக்க ஒரு நூலே எழுதியவர்.) முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டினராகிவிட்டனர். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாற்று வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்த நாளில், மகனை அரசு விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் தங்கி, சிறுவரோடு செடிகொடிகளையும் பூச்சிகளையும் கற்றார்கள். 1946 வரை அவர் இங்கேயே இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

எப்படிப் பயிற்றுவித்தார்? மாதக்கணக்கில். ஒவ்வொரு பொருளையும் ஆசிரியர் தம் கையால் நூறு முறை கையாண்டு, கேட்டதைத் தாமே எழுதி, படம் வரைந்து, குறிப்பேடு ஆக்கி, பிறகு வகுப்பின் மூலையில் வாய் திறவாமல் அமர்ந்து குழந்தைகளை மணிக்கணக்கில் உற்றுநோக்க வேண்டும். அந்த மரபை விடாதிருக்கும் பயிற்சி நிலையங்கள் இன்றும் அப்படியே கேட்கின்றன. நம்மூருக்கு வரும் பயிலரங்குகளில் இந்த ஒன்றுதான் இல்லை. எப்படி இருக்கும்? மண்டபத்தில் ஒரு குழந்தைகூட இல்லையே! நோயாளியே இல்லாத மருத்துவமனையில் பயின்ற ஒருவரிடம் நம் உடலை ஒப்படைப்போமா?

பொருள்களின் கதையும் இதுவே. இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது பத்துக் கனச்சதுரங்கள். சிறியதன் பக்கம் ஒரு சென்டிமீட்டர், பெரியதன் பக்கம் பத்து சென்டிமீட்டர். மரத்தால் திண்மையாகச் செய்தால் பெரியது சிறியதைப் போல் ஆயிரம் மடங்கு கனக்கும். பெரிதை இரு கையாலும் அணைத்து, சிறிதை இரு விரலால் எடுத்து நடக்கிற குழந்தையின் தசைகளுக்குள் கணக்கு இறங்குவது அந்தக் கனத்தினால்தான். எங்களுக்கு விற்றதோ உள்ளே வெறுமையான நெகிழிப் பெட்டிகள். எல்லாம் காற்றைப் போல் ஒரே கனம். அதிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம், ஒரு பூனைப் படம், ஓர் ஆங்கில எழுத்து! அளவு ஒன்றை மட்டும் வேறுபடுத்தி மற்றவற்றை ஒன்றுபோல் வைப்பதே அப்பொருளின் உயிர் என்று விற்றவருக்கும் தெரியவில்லை. பணம் கொடுத்த எனக்கும் தெரியவில்லை. நம்மூர்த் தச்சர் ஒருவரிடம் அளவு சொன்னால் வேப்ப மரத்தில் இழைத்துத் தந்திருப்பார். உப்புத்தாள் எழுத்துகளும் அப்படித்தான்: தொட்டுத் தடவிக் கற்க வேண்டிய எழுத்து வந்தவாசிக் குழந்தைக்கு முதலில் 'அ' அன்றோ? வந்து சேர்ந்ததோ ஆங்கில எழுத்து இருபத்தாறு மட்டும்.

'மாண்டிசோரி' என்ற பெயர் எவருக்கும் உடைமையன்று. அது ஒரு கல்வி முறையைக் குறிக்கும் பொதுச்சொல் என்று அமெரிக்க வணிகக்குறி மன்றமே 1967இல் சொல்லிவிட்டது. அது நல்லதே, ஏழையின் பள்ளியும் அப்பெயரைச் சூடலாம். ஆனால் காவலில்லாத தோட்டத்தில் யாரும் புகுவர். இன்று அப்பெயர் பெயர்ப்பலகைக்கும் கட்டண உயர்வுக்கும் உரிய சொல்லாகச் சுருங்கிவிட்டது.

அரசின் வழியும் வேறாக இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அழைத்துச் சென்று கண்ணால் காணச் செய்ததில் வேர்விட்டது. 2007ஆம் ஆண்டையொட்டி அது மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் பரப்பப்பட்டபோது அட்டைகளும் ஏணிப்படிகளும் எல்லா ஊருக்கும் வந்தன. பார்க்கும் கண்ணை லாரியில் ஏற்றி அனுப்ப இயலவில்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் திறந்தபோது, உபரி என்று கணக்கிடப்பட்ட தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்துக்குப் பின்னால், சிறு பிள்ளைக்கு அறிவு குறைந்தவர் போதும் என்ற பழைய இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோ ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு வேண்டும் என்கிறது. மணியை எண்ணுவது எளிது. ஐம்பது மணி நேரமும் ஆசிரியர் கேட்டுக்கொண்டேயிருந்தால் ஐம்பது மணி நேரம் உட்காரக் கற்றிருப்பார். 'குழந்தைக்குச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள்' என்று ஏழு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றுகிற விந்தையை என்னென்பது?

உடன் குருக்களையே நான் கேட்கிறேன். நம்மை ஒரு சனிக்கிழமையில் குருவாக்கினார்களா? இளங்குருமடம், மெய்யியல், களப்பணி, இறையியல், திருத்தொண்டர் நிலை என்று பத்தாண்டுக்கும் மேலாக அன்றோ நம்மை வைத்திருந்தார்கள்! அதற்குப் 'பயிற்சி' என்றுகூடச் சொல்லாமல் 'உருவாக்கம்' என்று சொன்னார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருத்துவ உருவாக்கம் பற்றிய ஆணையையும் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28இல், வெளியிட்டது. முதல் ஏட்டை நாம் விடாது கடைப்பிடித்தோம். இரண்டாவதைப் பள்ளி ஆண்டு மலரின் முன்னுரையில் மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஆரணியில் பட்டுத் தறியில் ஒருவனைப் பழக்குவோர், முதல் நாளே அவன் கையில் நாடாவைக் கொடுப்பதில்லை. நெய்பவர் அருகே உட்கார்ந்து பார்க்கிறான், நூல் எடுத்துக் கொடுக்கிறான், அறுந்த இழையை முடியக் கற்கிறான். சேலைக்கு இவ்வளவு பொறுமை காட்டும் மண்ணில், பிள்ளையை ஒப்படைப்பவருக்கு ஒரு பகல் போதுமாம்.

சான் லொரென்சோவின் முதல் ஆசிரியை பயிற்சியே இல்லாத, கட்டடக் காவலாளியின் மகள்தானே என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். உண்மைதான். ஆனால் மாண்டிசோரி அம்மையாரே அடிக்கடி வந்து அமர்ந்து, அந்தப் பெண் கண்டதைக் கேட்டு, தாம் கண்டதைச் சொன்னார். பட்டம் இல்லாதவர் கற்கலாம். பக்கத்தில் ஆளில்லாதவர் எங்ஙனம் கற்பார்?

பணமில்லை என்பது அடுத்த மறுப்பு. இதற்குத்தான் என் கணக்கேட்டையே திறக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயிலரங்குக்குத் தலைக்கு 1,000 ரூபாய், பதினான்காயிரம். நெகிழிப் பொருள்களுக்கு முப்பத்தாறாயிரம். ஆக ஐம்பதாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம்.

கோபுரத்தைப் பற்றிக் கேட்ட அந்த ஆசிரியையை, பயிலரங்கு முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் அவருடைய வகுப்பில் கண்டேன். சிறு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பையனையே பார்த்தபடி அமர்ந்திருந்தார். மேசைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. "சும்மா உட்காருவதற்கா சம்பளம்?" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே கேட்டேன். அவர் எழுந்து நின்றார், பதில் சொல்லவில்லை. எழுந்ததும் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். எங்கள் பள்ளியில் மாண்டிசோரி முறை நடந்துகொண்டிருந்த ஒரே அறையில் அதை நிறுத்தியவன் நான். மறு ஆண்டு அவர் விலகி, செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். விடியற்காலையில் பேருந்து வந்து ஏற்றிச் செல்கிறது. அங்கே கிடைப்பது எங்கள் ஊதியத்தைவிட மாதம் மூவாயிரம் கூடுதல்.

ஆகவே இவ்வாண்டு பயிலரங்குக்கான அழைப்புக் கடிதங்கள் மூன்று வந்தும் நான் பதில் எழுதவில்லை. தச்சரிடம் பத்துக் கட்டைகள் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வோர் ஆசிரியையும் மற்றொருவர் வகுப்பில் நோட்டுடன் அமர்ந்து பார்ப்பதென்றும், மாதம் ஒரு மாலை கண்டதை மட்டும் பேசுவதென்றும், அந்நேரம் தாளாளர் அந்தப் பக்கம் வரலாகாது என்றும் முடிவு செய்திருக்கிறோம். கடைசி விதியை ஆசிரியைகள் கேட்டு வாங்கினார்கள். ஆண்டுக்கு இருவரை முறையான நீண்ட பயிற்சிக்கு அனுப்ப, அண்டைப் பங்குகளின் தாளாளர்கள் நால்வரிடம் பணம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். ஒருவர் சம்மதித்தார். ஒருவர், படித்து முடித்ததும் வேறு பள்ளிக்கு ஓடிவிடுவார்கள் என்றார். மற்ற இருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த இதழ் அவர்கள் கைக்கும் போகும்.

போன ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அந்த ஆசிரியையைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி, அன்று நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்; திரும்பி வருவீர்களா என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். "எவ்வளவு தருவீங்க சாமி?" என்றார். ஆட்சிக்குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது.